நூற்று ஐம்பத்திரண்டு

சபேஷ் ஏழாவது படத்தையும் அளந்தான். நூற்று ஐம்பத்திரண்டு.

"அய்யய்யோ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான்.

சிதம்பரம் மேல வீதியில் ஒரு கண் மருத்துவமனை. விழித்திரைப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, ரத்தக்குழாயின் அகலத்தை மைக்ரான் கணக்கில் அளப்பதுதான் அங்கே அவன் வேலை. ஒன்றரை வருஷமாகத் தற்காலிகம். காலையில் டாக்டர் கல்யாணசுந்தரி இருபது படங்களைப் போட்டு வைத்தார்.

"உங்க அளவு மாறாம வருதான்னு பாக்கணும் சபேஷ். வந்துச்சுன்னா இன்னிக்கே பர்மனென்ட் ஆர்டர்" என்று சொல்லிவிட்டுக் கடலூர் கேம்புக்குப் போய்விட்டார். நாலு மணிக்குத் திரும்பிவிடுவார்.

படங்களில் பெயரும் இல்லை, முழுக் கண்ணும் இல்லை. ஒரே ஒரு குழாய்த் துண்டு. ஒன்றில் தலைகீழாக, ஒன்றில் மங்கலாக. போன மாதம் இருபது நோயாளிகளை அளந்திருந்தான். அதே படங்களை வெட்டிக் கொடுத்துச் சோதிக்கிறார் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். போன மாதம் நூற்று முப்பதிலிருந்து நூற்று எழுபதுவரை விதவிதமாக வந்த அளவு, இப்போது 152, 151, 153, மறுபடி 152. இருபது பேருக்குச் சட்டைகூட ஒரே சைஸ் சேராதே, ரத்தக்குழாய் சேருமா?

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். 152. மவுஸை மாற்றினான். 152. கோளாறு மென்பொருளில்தான் என்று எதையோ திருக, எல்லாம் 304 ஆனது. அதைப் பழையபடி கொண்டுவரவே முக்கால் மணி நேரம் பிடித்தது. வியர்த்துக் கொட்டியது.

அந்த நேரம் பார்த்துக் கடலூரிலிருந்து தாய்மாமன் சிவசுப்ரமணியன் போனில் வந்தார்.

"மாப்ள, ஆர்டர் கைக்கு வந்துடுச்சா? இன்னிக்கு இல்லன்னா எம் பொண்ணு கார்த்யாயினிக்கு அந்த நெய்வேலி எடத்தையே பேசி முடிச்சிடுவேன், ஆமா."

"சாயங்காலம் வந்துரும் மாமா!"

மணி மூன்று. வேறு வழியில்லை. போன மாதத்துத் தாள் பீரோவில் இருந்தது. சாவி உதவியாளர் பக்கிரியிடம். அவர் கறுப்புக் கண்ணாடியோடு டீ கொண்டுவந்து, டம்ளரை மேஜைக்குப் பதில் காற்றில் வைத்தார். டீ கொட்டியது. சபேஷ் தன் 152-கள் நிறைந்த தாளாலேயே மேஜையைத் துடைத்துக் குப்பைக்கூடையில் எறிந்தான்.

"பக்கிரிண்ணே, பீரோவத் தொறங்க."

பக்கிரி சாவியைப் பூட்டில் செருகப் பார்த்தார். மூன்று தடவையும் கைப்பிடியில்தான் இடித்தது.

"பட்டப்பகல்லயே ஊத்திக்கினீங்களா?"

"சாமி சத்தியமா இல்ல சார். காலையில டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு..."

"கதையெல்லாம் அப்பறம் சொல்லுங்கண்ணே!" என்று சாவியைப் பிடுங்கினான்.

டாக்டர் வரிசையை மாற்றியிருக்கக் கூடாதென்று நடராஜரை வேண்டிக்கொண்டு, பழைய அளவுகளைப் புதுத் தாளில் ஏற்றினான். சந்தேகம் வரக்கூடாதே என்று இங்கே ஒன்று கூட்டி, அங்கே ஒன்று குறைத்தான். தன் சாமர்த்தியம் அவனுக்கே பிடித்திருந்தது.

சரியாக நாலு மணிக்கு டாக்டர் வந்தார். கையில் ஆர்டர் கவர் இருந்தது. தாளை வாங்கிப் படிக்கப் படிக்க அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

"நூத்தி முப்பத்தொம்பது... நூத்தி எழுபத்தொண்ணு... இதெல்லாம் நீங்களே அளந்ததா சபேஷ்?"

"மூணு தரம் பாத்தேன் மேடம். போன மாச அளவோட அப்படியே ஒத்துப்போவும்."

டாக்டர் கவரை மெதுவாகக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.  என்ன தப்பு என்று சபேஷ் தாளை எட்டிப் பார்த்தான்.

பக்கிரிதான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார்.

"அதெப்பிடி சார் அளவு இப்பிடி ஏறி எறங்கும்? காலையில டாக்டரம்மா இருபது தடவையும் என்னோட இந்த ஒத்தக் கண்ணத்தானே படம் புடிச்சாங்க!"