அத்தைக்கு வரும் டானிக் பாட்டில்

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீங்களும் நலம் என்று எனக்குத் தெரியும். இங்கே ஒருவர்தான் நம்பவில்லை. அதனால் இதோடு ஒரு டானிக் பாட்டில் வருகிறது. போனில் சொல்லக் கூச்சமாக இருந்தது. மூடியைத் திறக்கும் முன் கடிதத்தைப் படித்துவிடுங்கள்.

"காலேஜ் முடிச்சவளுக்கு லாண்டரியில என்னடி வேலை?" என்று கேட்டீர்களே, மானுடவியலில் வேலையே அதுதான் அத்தை. வேலை செய்பவர்களோடு கூடவே இருந்து, பார்ப்பதையெல்லாம் எழுத வேண்டும். ஆனால் நம் எழுத்தால் அவர்களுக்குக் கெடுதல் வரக் கூடாது, உண்மைப் பெயர் போடாதே என்றார் பேராசிரியர். புதுப் பெயர் எதுவும் தோன்றாமல், வாயில் வந்த உறவுமுறைகளையே நோட்டில் பெயராக வைத்துவிட்டேன். துணி மடிக்கும் அக்கா சித்தி. பொத்தான் தைக்கும் அக்கா, அத்தை.

அந்தப் பொத்தான் அக்கா, படுத்த படுக்கையாக இருக்கும் கணவருக்கு எல்லாம் செய்துவிட்டு வேலைக்கு வருபவர். மதியம் சாப்பிட்டதும், துவைத்து உலர்ந்து சூடாக வந்து விழும் படுக்கை விரிப்புக் குவியலில் அரை மணி நேரம் கண்ணயர்வார். அவர் பங்கை மற்றவர்கள் தைத்துவிடுவார்கள். முதலாளிக்குத் தெரிந்தால் அன்றே வேலை போய்விடும். இதையெல்லாம் தேதி போட்டு எழுதிய நோட்டை நான் இஸ்திரி மேஜையில் மறந்து வைத்துவிட்டு, கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், முதலாளி படித்துக்கொண்டிருக்கிறார். அக்கா ஊசியில் நூல் கோக்கிறார். நூல் ஊசிக் காதைத் தவிர எல்லா இடத்துக்கும் போகிறது.

"ஏம்மா, 'சாப்பிட்டதும் அத்தை விரிப்பில் சாய்ந்தார், சித்தி எழுப்பவில்லை'ன்னு எழுதியிருக்கே. உங்க அத்தை தினமும் இப்படித்தான் தூங்குறாங்களா?"

"ஆமா சார்."

நோட்டின்படி அது பொய் இல்லை. ஆனால் என்னை நம்பி, அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு உள்ளே விட்ட மனிதரிடம் தலையாட்டியது இன்னும் உறுத்துகிறது. "ரத்தம் கம்மியா இருக்கும். வீட்டுல யாருமே கவனிக்கலையா?" என்று என்னைக் கடிந்துகொண்டு, மாலையே டானிக்கோடு வந்து நின்றார்.

அவர் நகர்ந்ததும் பொத்தான் அக்கா சொன்னார்: "தூங்கினது நானு, மருந்து உங்க அத்தைக்கா? மன்னிப்புக் கேட்டு எழுதும்மா."

"எழுது, எழுது. அப்படியே அத்தைக்குத் தலைகாணியும் வேணுமாம்னு முதலாளிகிட்ட சொல்லு. இங்க விரிப்பு மட்டும்தான் இருக்கு" என்றார் மடிக்கும் அக்கா.

காலையிலிருந்து ஒரு நிமிடம் உட்காராத உங்களை இப்படி ஆக்கிவிட்டேன். கல்லூரி விண்ணப்பத்தை வரிசையில் நின்று எனக்கு வாங்கித் தந்தவரே நீங்கள்தான். மன்னித்துவிடுங்கள். இனி உறவுக்காரர் யாரையும் நோட்டில் சேர்க்க மாட்டேன், உறுதி. மாமாவுக்கு என் வணக்கம், சின்னதுகளுக்கு அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: பேராசிரியர் அந்தப் பெயர்களை உடனே மாற்றச் சொன்னார். அவசரத்தில் மாற்றிவிட்டேன். இப்போது விரிப்பில் தூங்குவது அம்மா. முதலாளி அந்தப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, "உங்க குடும்பத்துக்கே இது இருக்கும்போல" என்றார். அதனால் பெட்டியில் இரண்டு பாட்டில் இருக்கும். பெரியது அம்மாவுக்கு. நீங்களே கொடுத்துவிடுங்கள். ஏன் என்று கேட்டால், அண்ணி மேல் உள்ள பாசம் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.