ஒரு குதிரைக்கு அஞ்சு கிலோ

இருபத்து நாலு கிலோவைக் காணோம். தேயிலையில் குறைந்திருந்தால் யாராவது ஒரு கங்காணியைப் பிடித்து உலுக்கிவிட்டு விஷயத்தை முடித்திருப்பார்கள். குறைந்தது காரில்.

"கடுதாசியில நானூத்தி முப்பதுன்னு இருக்கு. இங்கே நானூத்தி ஆறு. மிச்சம் எங்கே, சுவக்கீன்?" என்று மேனேஜர் தொரை கேட்டார்.

பீர்மேட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் பதினாறு வருஷமாக மெக்கானிக் சுவக்கீன். மெட்ராஸிலிருந்து லாரியின் பின்னால் அந்தக் காரோடு மூன்று நாள் உட்கார்ந்து, கண்ணயரும்போதுகூட ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டு கொண்டுவந்து சேர்த்தவனும் அவன்தான். ஆகவே காரில் ஒன்று குறைந்தால் கேட்க வேண்டிய ஆள் வேறு யாரும் இல்லை.

அது சாமானியக் கார் இல்லை. சோழவரத்துப் பந்தயத்தில் ஓட்டுவதற்காகத் தொரை வாங்கியது, சீமையில் செய்தது. அதற்குக் கதவு கிடையாது, கூரை கிடையாது, ஹாரன் கிடையாது, இரண்டாவது ஆள் உட்கார இடமும் கிடையாது. இரண்டு புது அம்பாசடர் வாங்குகிற காசைக் கொட்டி இத்தனை இல்லாததையும் அவர் வாங்கியிருந்தார். லைன் வீடுகளில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சுவக்கீன் மட்டும் சிரிக்கவில்லை. என்ஜினுக்கு எண்பத்தாறு குதிரை சக்தி, எடை நானூற்று முப்பது கிலோ என்று தொரை சொன்ன அன்றைக்கே ஃபேக்டரிச் சுவரில் கரிக்கட்டியால் வகுத்துப் பார்த்திருந்தான். ஒரு குதிரைக்கு அஞ்சே கிலோ. அவனுக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. தோட்டத்து ஜீப்பில் ஒரு குதிரை இருபது கிலோவை இழுத்துக்கொண்டு ஏற்றத்தில் முக்கிக்கொண்டிருக்கிறது. இங்கேயோ ஒரு குதிரைக்கு ஒரு கைக்குழந்தையின் பாரம்தான்.

"இல்லாததுக்குத்தான் வெலை. இருக்கறதுக்கு எவன் குடுப்பான்?" என்று மனைவி மதலேனம்மாளிடம் சொன்னான். கொழுந்து பறித்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த மதலேனம்மாள், அப்படிப் பார்த்தால் நம்ம வீட்டுக்குத்தான் இந்த மலையிலேயே விலை அதிகம் என்றாள்.

காரின் பின்புறம் ஒரு தகடு நின்றது. ஏரோப்ளேன் இறக்கையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். ஏரோப்ளேனை மேலே தூக்குகிற அதே காற்று இதைக் கீழே அமுக்குமாம். வேகம் கூடக்கூட டயர் ரோட்டைக் கவ்விப் பிடிக்குமாம், அதுவும் பாரம் ஏற்றாமலே. சுவக்கீன் இதை லேசில் நம்பவில்லை. குமுளி பஸ்ஸில் போகும்போது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தான். கை தானாகக் கீழே போனது. இன்னும் சாய்த்தான், இன்னும் போனது. அடடா, கண்ணுக்குத் தெரியாத ஒன்று இத்தனை வருஷமாகப் பக்கத்திலேயே இருந்து, கூப்பிட்டால் வேலைக்கு வரத் தயாராக இருந்திருக்கிறதே என்று வாயைப் பிளந்தான். கண்டக்டர் அவனுடைய பரம்பரையை மலையாளத்தில் விசாரித்த பிறகுதான் கையை உள்ளே இழுத்தான். அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் காற்றைப் பற்றித்தான் பேச்சு.

இப்படிப்பட்ட காரை நிறுக்கவேண்டி வந்தது பந்தயக்காரர்களால். எடையை எழுதி அனுப்பச் சொல்லி ஒரு ஃபாரம் வந்திருந்தது. நானூற்று இருபது கிலோவுக்குக் கீழே இருந்தால் அந்த வகையில் ஓடவிடமாட்டார்களாம். தோட்டத்தில் இருந்த ஒரே பெரிய தராசு கொழுந்து நிறுக்கிற தராசு. அதுவும் நூறு கிலோவுக்கு மேல் தாங்காது. காரைக் கழற்றி நிறுக்கலாம் தொரை என்று யோசனை சொன்னவன் சுவக்கீன்தான். அதன் உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க அவனுக்கு அத்தனை ஆசை. புதன்கிழமை காலை, பெண்களெல்லாம் மேலே தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நேரத்தில், பன்னிரண்டு துண்டாகக் கழற்றிக் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குக் கொண்டுவந்தான்.

தராசு கணக்கப்பிள்ளை அர்த்தநாரியின் ராஜ்யம். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆள். இருபத்திரண்டு வருஷமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். தராசின் முள் அவர் பக்கம்தான் பார்க்கும். அந்தப் பக்கம் வேறு ஒருவரும் போகக்கூடாது என்பது தோட்டத்து வழக்கம், தொரைமாரே போனதில்லை. முள்ளைப் பார்த்து, கழிக்கிறதைக் கழித்து, தலையைத் தூக்காமல் ஒரே மூச்சில் எண்ணைச் சொல்லுவார். இதுவரை ஐந்து மேனேஜர்கள் மாறியாயிற்று. அர்த்தநாரி சொன்ன எண்ணை மாற்றச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

அன்றும் பன்னிரண்டு தடவை சொன்னார். கூட்டினால் நானூற்று ஆறு.

முதலில் தொரைக்குத் தலைகால் புரியவில்லை. கடுதாசியில் சொன்னதைவிட இளைத்த கார். ஒரு குதிரைக்கு அஞ்சு கிலோகூட இல்லை! இந்த விலைக்கு இது கொள்ளை லாபம் என்று சுவக்கீனின் தோளில் தட்டினார். அப்புறம்தான் நானூற்று இருபது ஞாபகம் வந்தது. அப்புறம் அந்த மூன்று நாள் லாரிப் பயணம் ஞாபகம் வந்தது. தட்டிய கையை எடுத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபாரத்தைத் தபால்ல சேர்க்கணும். அதுக்குள்ள இருபத்து நாலு கிலோ வந்துடணும். வரலைன்னா லைன் வீட்டைக் காலி பண்ணிட்டு மலை இறங்கிடு" என்றார்.

பதினாறு வருஷத்து வேலையும் வீடும் இருபத்து நாலு கிலோவில் வந்து தொங்கின. சுவக்கீன் லாரி நின்ற இடத்தை அங்குலம் அங்குலமாகத் தேடினான். ஆணி ஒன்றுகூட விழுந்திருக்கவில்லை. வீட்டில் மதலேனம்மாள் கட்டிலுக்கு அடியில் தானும் ஒரு தடவை குனிந்து பார்த்தாள். புருஷன் மேல் சந்தேகம் இல்லை. பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்றுதான்.

வியாழக்கிழமை காலை அவனுக்கு ஒரு வழி தோன்றியது. எந்தத் துண்டு இளைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் சின்னச் சின்னத் துண்டாக்கி நிறுக்க வேண்டும். காரை முப்பது துண்டாக்கினான். தொரை நாற்காலி போட்டு உட்கார்ந்து கடுதாசியைப் பார்க்க, அர்த்தநாரி முப்பது தடவை எண் சொன்னார். இருபத்தெட்டாவதாக ஸ்டியரிங்கும் அதன் தண்டும் வந்தன.

"ஒன்னுமில்லீங்க" என்றார் அர்த்தநாரி.

"ஒன்னுமில்லைன்னா?"

"சைபருங்க."

சுவக்கீன் ஸ்டியரிங்கை எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்தான். கை கனத்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷம் பிசகாத வாயா, தன் கையா என்று வந்தால் அவன் எப்படிக் கையை நம்புவான்? மனுஷன் கண்டுபிடித்ததில் இதுதான் உச்சம் என்று அவன் கண் கலங்கிவிட்டது. கையில் வைத்தால் கனக்கிறது, தராசில் வைத்தால் எடையே இல்லை. தொரையும் எழுந்துவந்து அதைத் தடவிப் பார்த்து, மக்னீசியமாக இருக்கும் என்று மெல்லச் சொன்னார். இரண்டு பேரும் கோயிலில் நிற்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

கூட்டிப் பார்த்தால் முந்நூற்று எழுபது. நேற்று போனது இருபத்து நாலு, இன்றைக்கு அறுபது.

தொரையின் பக்தி அத்தோடு கலைந்தது. கொட்டகையில் ராத்திரி பூட்டியிருந்த காரிலிருந்து முப்பத்தாறு கிலோ போயிருக்கிறது, சாவி உன்னிடம்தான் இருந்தது என்றார். சுவக்கீன் அந்தோணியார் மேல் ஆணையிட்டான். அந்தோணியார் சாட்சிக்கு வருவாரா என்று கேட்டுவிட்டு தொரை பங்களாவுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மதலேனம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டுத்தான் கொழுந்துக்குப் போனாள். போகும்போது, அழுதால் எடை கூடுமா, இருக்கிற புத்தியைக் கொண்டு எதையாவது செய் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் அவனைத் தட்டி எழுப்பியது. காணாமல் போனதைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் என்ன? ஈடு கட்டலாமே. எடை குறைந்த கார்களில் இரும்பை வைத்து முறுக்கி ஓட்டுவது பந்தயத்தில் உண்டு என்று தொரையே ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஃபேக்டரி அடுப்பின் பழைய கம்பிகள் முப்பது ஒரு மூலையில் கிடந்தன. ஒவ்வொன்றும் இரண்டு கிலோ, அச்சில் வார்த்த கணக்கு. ஆக அறுபது கிலோ. தொரையிடம் ஓடிப்போய்ச் சொன்னான். தொரை அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி, என் கண் முன்னால் நிறுத்துக் காட்டு என்றார்.

கம்பிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு எடுத்துவருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு வந்து கொட்டகையில் வரிசை கட்டிவிட்டார்கள். தபால் போக இன்னும் அரை மணி. தொரை எல்லாரையும் நிறுத்திவைத்து, முதலில் இரும்பு என்றார்.

சுவக்கீன் முதல் கம்பியைத் தட்டில் வைத்தான்.

"சைபருங்க" என்றார் அர்த்தநாரி, தலையைத் தூக்காமல்.

இரண்டாவதை வைத்தான். சைபர். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. எல்லாம் சைபர். காலம்காலமாகத் தணலில் கிடந்த அடுப்புக் கம்பி, இந்தக் காருக்கு என்று எடுத்துவந்த மாத்திரத்தில் எடையை விட்டுவிட்டதே. சுவக்கீன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். தொரை நாற்காலியிலிருந்து எழுந்து, ஒரு கம்பியைக் கையில் எடுத்து, கீழே போட்டார். அது காலில் விழுந்தது. வலித்த காலைப் பிடித்துக்கொண்டே, இதற்கு எடை இல்லையா என்று முனகினார்.

"அப்போ இதுவும் போச்சு. சாமானை ஏத்திக்கிட்டு எறங்கிக்கோ, சுவக்கீன்" என்றார்.

சுவக்கீனின் பார்வை வரிசையின் நடுவில் நின்ற மதலேனம்மாள் பக்கம் போனது. அவள் மூன்று நாளாகப் புருஷன் சொன்னதைக் கேட்டாளே தவிர, நிறுக்கிறதைப் பார்த்தது இப்போதுதான். சுமந்த கூடையைத் தரையில் இறக்கினாள். தொரை நிற்கும்போது கொழுந்துக்காரி வாய் திறக்கிற வழக்கம் அந்தத் தோட்டத்தில் இல்லை. அவள் தொரையைப் பார்க்கவும் இல்லை, அர்த்தநாரியைத்தான் பார்த்தாள்.

"ஏன் கணக்கப்பிள்ளையய்யா, எங்க கொழுந்துக்குத்தான் தட்டுல வைக்கிறப்பல்லாம் கூடைக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சுச் சொல்லுவீக. தொரை காரு எந்தக் கூடையில வந்துச்சு?"