லியோனின் குளிசையும் வாசிகசாலைக் கூட்டமும்

நெடுந்தீவு மேற்கு,
மாசி 1972.

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட மைத்துனர் சிவபாதம் அவர்கட்கு,

தாங்களும் தங்கள் பாரியாரும் பிள்ளைகளும் வேலணையில் சுகத்தோடிருக்க நயினை அம்மன் துணை நிற்பாளாக. இங்கே நானும், தங்கள் தங்கை பரிமளமும், மகள் சறோஜினிதேவியும், மாடுகன்றுகளும் குறைவின்றி இருக்கிறோம். என் சுகத்தைத் தனியாகக் குறிப்பிடுகிறேன், ஏனென்றால் தங்கள் தபாலட்டையில் அதைப்பற்றித்தான் கேள்வி கேட்டிருந்தீர்கள்.

நம் சறோஜினிக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் தகப்பனார், மண்கும்பான் கதிர்காமு வாத்தியார், "வாசிகசாலைக் கூட்டத்தில பொம்பிளையின்ர தேப்பன் வெறியில முகம் சிவந்து விழுந்தவராம், குடிகாரன் வீட்டில நாங்கள் சம்பந்தம் செய்யேலாது" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மைத்துனரே, விழுந்தது நான் அல்ல. என் அயலவன் லியோன். தலைவர் என்ற முறையில் நான் இருந்த கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் அவன் இருந்தபடியால் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு மாறித் தெரிந்திருக்கிறது. நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சென்ற வருடம் எங்கள் சிவலைக் கன்றுக்கு உடம்பில் வட்டம் வட்டமாக மயிர் கொட்டியது. அதைத் தடவித் தடவி லியோனுக்கும் இடுப்பில் படர்தாமரை வந்து, சொறிந்து சொறிந்து கடைசியில் கால் பெருவிரல் நகமும் தடித்து மஞ்சளாகிவிட்டது. எங்கள் கன்றை லியோன் ஏன் தடவினான் என்று கேட்பீர்கள். அவனுக்கு இளகிய மனது. பூச்சுமருந்துக்கு அடங்காததால் ஆசுப்பத்திரிக்குப் போனான், துணைக்கு நானும் போனேன். புதிதாக வந்திருக்கும் டொக்டர் ஞானசவுந்தரி அம்மா நகத்தைச் சுரண்டிச் சோதிக்க அனுப்பி, வேறு மருந்து ஏதும் எடுக்கிறதா, ஈரலில் வருத்தம் உண்டா என்றெல்லாம் விசாரித்து, பிறகுதான் குளிசை கொடுத்தார். அதன் பெயர் கிறிசியோபுல்வின். பெயரைக் கேட்டாலே கிறிஸ்து என்பதுபோல ஒலிக்கிறது, அது வேதக்காரருடைய மருந்து என்பது விளங்கும், ஆகவே அது லியோனுடையதே என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

டொக்டர் அம்மா ஆறுதலாகத்தான் சொன்னார். "வெறும் வயித்தில போடாதேங்கோ. பால், நெய் மாதிரிக் கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோட போட்டால்தான் மருந்து உடம்பில ஊறும். வெயிலில கனநேரம் நிக்காதேங்கோ. குடி கூடவே கூடாது. சொறிக்கடி நிண்டாப்போல நீங்களா நிப்பாட்டக் கூடாது, நகம் புதிசா வளர மாசக்கணக்காகும். ஒருத்தருக்கும் பங்கு குடுக்கவும் கூடாது." லியோன் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றான். அவனுடைய காதுக்குள் போனது கொழுப்பு என்ற ஒரு சொல் மட்டும்.

அன்று தொடங்கியது குசினியில் யுத்தம். கொஞ்சம் என்று டொக்டர் சொன்னதை விட்டுவிட்டு, காலையில் நெய் ஊற்றிய புட்டு, அதன்மேல் தயிர், மத்தியானம் நெய்யில் பொரித்த முட்டை, பின்னேரம் ஆடையோடு பால் என்று மனுசன் இறங்கிவிட்டான். வீட்டுக்குப் பால் வாங்க வந்தவர்கள் வெறும் செம்போடு திரும்பினார்கள். லியோன் கடலுக்குப் போகிறவன், அவனிடம் பசு ஏது என்று நினைப்பீர்கள். எங்கள் பசுதான். அயலுக்கு உதவுவது என் குணம். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப் பரிமளத்தின், அதாவது மாக்கிறேற்றின், குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. மாக்கிறேற் லியோனுடைய மனைவி. பேனா சில இடங்களில் வழுக்குகிறது, மன்னிக்கவும்.

வெயிலுக்கு என் குடையை இரவல் வாங்கிக்கொண்டு இறங்குதுறைக்குப் போனான். அங்கே சோளகக் காற்று அடித்த அடியில் குடை மறுபக்கம் புரண்டு கடலுக்குள் போய்ச் சேர்ந்தது. அடுத்தநாள் வேறு வழியில்லாமல் மனைவியின் பழைய சேலையை முக்காடாகப் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் அள்ளப் போனான். பின்னால் வந்த ஆச்சிமுத்து, "என்னடி பரிமளம், நல்லாக் கொழுத்துப்போனாய்" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். லியோனுடைய முதுகைப் பார்த்து அவள் ஏன் பரிமளம் என்றாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவளுக்குக் கண் சற்று மங்கல்.

இதற்கிடையில் இடுப்பில் கடி நின்றுவிட்டது. வருத்தம் மாறிவிட்டது, மிச்சக் குளிசை வீணாகப் போகிறதே என்று யோசித்து, இரண்டைப் பொடியாக்கிப் பிண்ணாக்கில் குழைத்துக் கன்றுக்கு நீட்டினான். கன்று ஒரு நக்கு நக்கி அவனுடைய வேட்டியிலேயே துப்பியது. "அந்த வாயில்லாச் சீவனுக்குள்ள அறிவும் உங்களுக்கு இல்லையே" என்று மனைவி பேசிய பேச்சில் திரும்பவும் ஒழுங்காகப் போடத் தொடங்கினான். நகம் அப்போதும் மஞ்சளாகத்தான் இருந்தது.

வாசிகசாலை ஆண்டுக் கூட்டம் வந்தது. அன்று பின்னேரம் வழியில் சீவல்காரச் சின்னக்குட்டி மறித்து, "இப்பதான் இறக்கினது, ஒரு பிளா பாருங்கோ" என்று ஓலைப் பிளாவில் கள்ளு வார்த்தானாம். லியோன் சிறிது யோசித்தானாம். டொக்டர் அம்மா பாலோடு குளிசை போடச் சொன்னவர், கள்ளும் வெள்ளை, பாலும் வெள்ளை, இது பனையின் பால், இதில் என்ன குற்றம் என்று அவனுக்குத் தோன்றியதாம். இதை அவன் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் தலைமையுரை தொடங்கி, "மிதமான வாழ்வே மேலான வாழ்வு" என்று சொல்லி முடிக்கவில்லை, முகம் குபீரென்று வெந்த நண்டு மாதிரிச் சிவந்தது. காது கொதித்தது. நெஞ்சு மோட்டர் வள்ளம்போல அடித்தது. தலைமையுரை என்னுடையது, முகம் லியோனுடையது என்பதைக் கவனித்துக்கொள்ளவும். பிறகு தலை சுற்றிக் கதிரையோடு சரிந்தான். யாரோ சாமி வந்து சன்னதம் என்றார்கள், யாரோ பாம்பு என்றார்கள், ஒருவர் நெற்றி நிறைய விபூதி பூசினார். வேதக்காரனுக்கு விபூதியா என்று அந்த அவசரத்தில் யார் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால், சறோஜினியின் கலியாணத்தைக் காணாமல் போகப்போகிறேனே என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. லியோனுக்காகத்தான்.

ஆசுப்பத்திரியில் டொக்டர் அம்மா கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, "என்ன குடிச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"மோர், அம்மா."

"மோருக்கு முகம் இப்பிடிச் சிவக்காது. இந்தக் குளிசையும் கள்ளும் ஒண்டாச் சேர்ந்தால் இப்பிடித்தான் செய்யும். நல்லகாலம், ஒரு பிளாவோட நிண்டுது."

படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். சிவப்பு இறங்கியது, நெஞ்சடிப்பு அடங்கியது, வெட்கம் மட்டும் இறங்கவில்லை.

இதுதான் நடந்தது. பாவம் லியோனுடைய தவறுக்காக என் பிள்ளையின் சம்பந்தம் குழம்பலாமா? கதிர்காமு வாத்தியாருக்கு இதை எடுத்துச் சொல்லி, நாள் வைக்கச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம், பெரியவர்களுக்கு என் வணக்கம், தங்களுக்கு இரண்டும்.

என்றும் தங்கள் சொல்லுக்கு அடங்கிய,
இ. ஆழ்வாப்பிள்ளை

பி.கு: அண்ணைக்குப் பரிமளம் எழுதிறது. ஒட்டித் தபாலில போடச் சொல்லித் தந்தவர், வாசிச்சுப்போட்டு ஒட்டிறன். நடந்ததெல்லாம் சரி. லியோன் எண்டு வாற இடமெல்லாம் உங்கட மச்சான்ர பேரைப் போட்டு வாசியுங்கோ. லியோன் அண்ணை தேத்தண்ணியே அளவாக் குடிக்கிற மனுசன். அண்டைக்கு இவரைத் தோளில போட்டுக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினது அவர்தான். வாத்தியாருக்குப் பொய் சொல்லவேண்டாம் அண்ணை, உள்ளதைச் சொல்லுங்கோ. அந்தப் பயத்தில இவர் இப்ப கள்ளு மணத்தாலே மற்ற ஒழுங்கையால போறார். கலியாணம் கட்டின நாள்தொட்டு நான் சொல்லிக் கேளாததை அந்தக் குளிசை கேக்கப்பண்ணிப்போட்டுது. நேற்று டொக்டர் அம்மா நகத்தைப் பார்த்திட்டு, அடியில புது நகம் வருகுது, எண்டாலும் ஆவணி மட்டும் குளிசையை விடாமல் போடவேணும் எண்டு சொன்னவ. அதால முகூர்த்தத்தை ஆனியில வைக்கச் சொல்லுங்கோ. ஆவணிக்குப் பிந்தினால் நான் பொறுப்பில்லை.