இடது காலுக்கு வேலை இல்லாத கார்

பெஹாலா, கொல்கத்தா,
செவ்வாய்க்கிழமை காலை

கம்பெனி வேலையாக ஜெர்மனி போயிருக்கும் என் அக்கா மகன் சிரஞ்சீவி தினேஷ்குமாருக்கு, மாமா பரமசிவம் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை மகேஸ்வரியும் கல்யாணப் பெண் வசந்தியும் சௌக்கியம். நீ எங்களிடம் சாவி கொடுத்துவிட்டுப் போன உன் கார் சௌக்கியமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் போனில் பேசினால் எதிர் பிளாட் வரை கேட்கும், உன் அத்தையோ அடுப்படியில்தான் நிற்கிறாள். ஆகவே நாலு பக்கம் எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். படித்ததும் நீ செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. இன்று சாயங்காலத்துக்குள் அத்தைக்குப் போன் போட்டு, "மாமா நல்லாத்தான் ஓட்டுவாரு, கார்லதான் கோளாறு" என்று சொல்லிவிடு.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை அரைக் கிலோமீட்டர், முன்னால் நாதஸ்வரம், பின்னால் உன் காரில் மாப்பிள்ளை ஜெய்ராம். அந்தக் காரை நானே ஓட்டுவேன் என்று இங்குள்ள தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அறிவித்துவிட்டேன். கைதட்டினார்கள். நகை நட்டெல்லாம் உன் அத்தை பார்த்துக்கொண்டாள், சமையல் அவள் தம்பி பொறுப்பு, பத்திரிகையைக்கூட வசந்தியே கம்ப்யூட்டரில் அடித்துவிட்டாள். பெண்ணைப் பெற்றவன் தன் கையால் செய்ய மிச்சம் இருப்பது அந்த ஸ்டியரிங் ஒன்றுதான். நான் யார்? துர்காபூரில் இருபத்தாறு வருஷம் ஜீப் ஓட்டியவன். ஒரு அடைமழையில் முன் கியர் அத்தனையும் உடைந்துபோக, சீஃப் இன்ஜினியரை உட்காரவைத்து ரிவர்ஸிலேயே பானாகர் வரை கொண்டுபோய் விட்டவன். முன்னே உன்னிடம் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று சொல்லியிருப்பேன், சரியாகப் பார்த்தால் இருபது. இப்படிப்பட்டவனைப் பார்த்து உன் அத்தை, "ஏங்க, பேசாம வாடகை வண்டி ஓட்டுற பிரிட்டோவ வரச் சொல்லிருவோம்" என்கிறாள். இன்று சாயங்காலம் அவனுக்குப் பதில் சொல்லவேண்டுமாம்.

நடந்ததைக் கேள். ஞாயிற்றுக்கிழமை நானும் வசந்தியும் நியூ டவுனில் உன் கட்டடத்துக்குப் போனோம். மனிதன் பத்தாவது மாடியில் இருக்கலாம், காரை எதற்கப்பா நாலாவது மாடியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்? போகட்டும். ஏறி உட்கார்ந்தேன், இடது காலை நீட்டினேன், கிளட்ச் இல்லை. குனிந்து பார்த்தேன், செல்போன் லைட் அடித்துப் பார்த்தேன், காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். "வசந்தி, கிளட்ச யாரோ கழட்டிட்டுப் போயிட்டானுங்க, வாட்ச்மேனக் கூப்பிடு" என்றேன்.

"இது ஆட்டோமேட்டிக்ப்பா. கிளட்ச் மிதி கிடையாது."

"அப்ப கியர எப்படி மாத்துறது?"

"அதுவே மாத்திக்கும்."

"யாரக் கேட்டு?"

அவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். சரி என்று கியர் கம்பியை, முன்னால் போவதற்கு என்று அவள் காட்டிய டி-யில் போட்டேன். நான் ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை மருமகனே, கார் தானாக நடக்கிறது! வலது கால் பிரேக்குக்குப் போவதற்குள் இடது கால் முந்திக்கொண்டது. இருபத்தாறு வருஷத்துப் பழக்கம், அதைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சுற்றுச் சரிவு இருக்கிறதே, டார்ஜிலிங் மலைப்பாதைகூட அவ்வளவு வளையாது. இடது கால் பிரேக்கில், வலது கால் ஆக்ஸிலேட்டரில், நானோ ஸ்டியரிங்கில் என்று இரண்டு மாடி இறங்கினோம். கீழேயிருந்து வாட்ச்மேன் தாதா, "காக்கு! பொடா கொந்தோ!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். தீய்ந்த வாசனையாம். யார் வீட்டிலோ மீன் கருகுகிறது என்றேன். அவர் என் சக்கரத்தைக் காட்டினார்.

வசந்தி ஆபீஸ் சிநேகிதியின் காரில் பழகியவள். வண்டி நின்றதும் அந்தக் கம்பியை எல்-லுக்கு இழுத்துவிட்டு, "எறக்கத்துல எல்-லப்பா. சின்ன கியர்லயே நிக்கும், இன்ஜினே வண்டியப் பிடிச்சுக்கும். பிரேக்கப் போட்டு வறுக்காதீங்க" என்றாள். எனக்கே பாடம்! சரிவில் செகண்ட் கியர் போட்டு இறங்குவது நான் அவள் பிறக்குமுன்னே செய்தது. ஆனால் அன்று கியர் போட்டது என் கை. இங்கே ஒருவரும் ஒன்றையும் மிதிக்கவில்லை, கார் மட்டும் சட்டையைப் பிடித்து யாரோ பின்னால் இழுப்பதுபோல் நிதானமாக இறங்குகிறது. எனக்குச் சந்தேகம், பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். வசந்தி, "ரோட்டப் பாருங்கப்பா" என்றாள்.

பிறகு டி-க்கு மாற்றி மேம்பாலம் ஏறினோம். அங்கே ஒரு லாரியை முந்தலாம் என்று அழுத்தினேன். கார் ஒரு கணம் யோசித்தது. அப்புறம் கியரைத் தானே கீழே இறக்கி, புலி மாதிரி உறுமிப் பாய்ந்தது. நான் பயந்து காலை எடுத்தேன், உடனே கியரை ஏற்றிக்கொண்டு பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டது. மறுபடி அழுத்தினேன், மறுபடி உறுமல். நான் ஒரு முடிவு எடுத்தால் அது ஒரு முடிவு எடுக்கிறது. நாற்பது வயதில் எனக்கு ஒரு மேலதிகாரி இருந்தார், அச்சு அசல் அவர் குணம். ஆகவே அடுத்த சிக்னலில் எல்-லில் போட்டவன் பெஹாலா வரை எடுக்கவே இல்லை. இன்ஜின் ஊளையிட்டதுதான், ஆனால் என் சொல் கேட்டது. ஜனங்கள் ஆம்புலன்ஸுக்கு விடுவதுபோல் வழி விட்டார்கள். ஒரு டிராபிக் போலீஸ் சார்ஜென்ட் கையை உயர்த்தி மரியாதை செய்தார், நானும் பதிலுக்குக் கையை உயர்த்திவிட்டு நிற்காமல் வந்துவிட்டேன்.

இதுவரைக்கும் எல்லாம் வெற்றிதான். நேற்று சாயங்காலம் எங்கள் குடியிருப்பு வாசலில் ஒத்திகை வைத்ததுதான் தப்பு. மாப்பிள்ளை இடத்தில் எதிர் பிளாட் வங்காளி அண்ணி, அதாவது சுப்ரியா பௌதியின் கணவர். மனிதர் ஆசையாகத் தன் கல்யாணத்துக்குப் போட்ட தோப்போர் என்னும் வெள்ளைத் தக்கைக் கிரீடத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பௌதி அவர்கள் வழக்கப்படி மங்கலச் சங்கு ஊதினாள். உன் அத்தை ஆரத்தித் தட்டோடு முன்னால் நடந்தாள். கார் தானாக ஊர்ந்தது, அழகாகத்தான் இருந்தது. நாதஸ்வரக்காரர்கள் நடக்கும் வேகத்துக்கு இது கொஞ்சம் ஜாஸ்தியோ என்று நினைத்தேன், அவ்வளவுதான். இடது கால் கிளட்ச் என்று எண்ணி முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்துவிட்டது. சங்கு பாதியில் நின்றது. தோப்போர் போய்க் கண்ணாடியில் அப்பளமானது. தலைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் இருபத்தெட்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்த கிரீடமாம். பௌதி என்னிடம் இன்னும் பேசவில்லை. ஆரத்தித் தட்டு என்ன ஆனது என்று நான் எழுதப்போவதில்லை. உன் அத்தை மட்டும், "ஜெய்ராம் தம்பிக்குக் கழுத்து ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

ஆகவே மருமகனே, கம்பெனிக்காரனுக்குக் காட்டமாக ஒரு கடிதம் போடு. இடது காலுக்கு வேலை கொடுக்காத கார் எப்படி ஒழுங்கான காராகும்? அதோடு அத்தைக்கு மறக்காமல் போன் பண்ணு. பிரிட்டோ வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தால் வெள்ளிக்கிழமை நான் பந்தலில் நாற்காலி எண்ணிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். உனக்கு நீண்ட ஆயுளும், நல்ல உத்தியோகமும், கிளட்ச் உள்ள காரும் அமையப் பிள்ளையார் அருள்வாராக. அத்தையும் வசந்தியும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். சொல்லவில்லை, ஆனால் கேட்டால் சொல்லியிருப்பார்கள்.

இப்படிக்கு,
உன் மாமா,
க. பரமசிவம்

பி.கு.: அத்தைக்குப் போன் பண்ணாதே. கடிதத்தைப் போட்டோ பிடிக்க வசந்தியிடம் கொடுத்தேன், அவள் முழுக்கப் படித்துவிட்டாள். உடனே என்னைக் கீழே கூட்டிப்போய், "இடது கால மடக்கி உக்காருங்கப்பா, பந்தியில உக்கார்ற மாதிரி" என்றாள். மடக்கினேன். ஒற்றைக் காலோடு குடியிருப்பை மூன்று சுற்று வந்தேன், ஒரு குலுக்கல் இல்லை. உன் காரில் ஒரு கோளாறும் இல்லை, கம்பெனிக்கு எழுதவேண்டாம். உன் அத்தையும் சரி என்றுவிட்டாள், பிரிட்டோ வரமாட்டான். ஆனால் அதற்குள் ஒத்திகை வீடியோ எப்படியோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஜெய்ராம் தம்பி ரொம்ப மரியாதையாகப் போன் பண்ணி, நாதஸ்வரத்துக்குப் பின்னால் தான் நடந்தே வருவதாகச் சொல்லிவிட்டார். அவருக்குப் பின்னால் காலிக் காரை ஓட்டி வருவதற்கு நான் எதற்கு என்று உட்கார்ந்திருந்தேன். வசந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காலியாக வராதாம், மாப்பிள்ளை சீட்டில் அவள் வருகிறாளாம். கல்யாணப் பெண் அழைப்புக் காரில் வருவது எந்த ஊர் வழக்கம் என்றேன். "நம்ம ஊர் வழக்கம்ப்பா. நீங்க எல்-ல போட்டு மெதுவா வாங்க, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றாள்.