பாண்டு வாத்தியமும் என் கடைவாய்ப் பல்லும்

சத்தியம் செய்வது சுலபம். அதைக் காப்பாற்றிக்கொண்டே மீறுவதற்குத்தான் மூளை வேண்டும். அந்த மூளை எனக்கு இருப்பதாக ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மார்ச் மாதம், எங்கள் சேப்பல் தேவாலயத்தில் முந்நூறு பேருக்கு முன்னால், யார்க்ஷயர் கம்பளி மில்லில் தறி மேஸ்திரியான ஜேபஸ் ஹார்க்ரீவ் ஆகிய நான், இனிமேல் பீர், சாராயம் எதையும் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்க மாட்டேன் என்று மதுவிலக்குச் சங்கத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். போட்டேன் என்று சொல்வதைவிடப் போட வைக்கப்பட்டேன் என்பதே சரி. என்னைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனவள் என் மனைவி டோர்கஸ். சங்கத்து நீல ரிப்பனை என் கோட்டில் குத்தியவளும் அவளே. ஊசி கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளேயும் போயிற்று. தெரியாமல் குத்திவிட்டதாகச் சொன்னாள்.

மூன்று வாரம் உத்தமனாக இருந்தேன். உத்தமனாக இருப்பதில் ஒரு கஷ்டம், சாயங்காலம் ரொம்ப நீளமாகிவிடுகிறது. அப்போதுதான் மருந்துக்கடையில் அந்தப் புட்டியைப் பார்த்தேன். டாக்டர் பம்ஃப்ரியின் சாந்தி சஞ்சீவி! பல்வலி, பித்தம், வழுக்கை, மனச்சோர்வு, மாட்டுக்குக் கால்வீக்கம், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பழைய சிநேகிதனைக் கண்டதுபோல் கண் கலங்கிவிட்டது. பாதிக்கு மேல் அசல் சாராயம். ஆனால் மருந்து! மருந்துக்குச் சங்கத்துச் சட்டத்தில் விலக்கு உண்டு. எங்கள் சேப்பலில் பாதிப் பேருக்கு ஏன் தீராத வியாதி என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஆக, எனக்கும் ஒரு வியாதி தேவைப்பட்டது. காய்ச்சல் என்றால் டோர்கஸ் தொட்டுப் பார்ப்பாள். வயிற்றுவலி என்றால் ஆட்டுக்கறியை நிறுத்திவிடுவாள். பல்வலிதான் உத்தமம். கேட்கிறவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும். புட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"ஐயோ, கடைவாய்ப் பல்லு! உயிர் போகுது டோர்கஸ்!"

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"காலையில வலது பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"வலி ஒரு இடத்துல நிக்குமா? நடமாடும்."

என் தாடையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு ஸ்பூனை எடுத்து வந்தாள்.

"வேளைக்கு ரெண்டு ஸ்பூன். நானே ஊத்தித் தரேன். புட்டி என்கிட்டயே இருக்கட்டும். நீங்க பாட்டுக்கு ஜாஸ்தி குடிச்சுட்டு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடப் போகுது."

எவ்வளவு நல்ல மனைவி என்று நினைத்தேன். மூன்று மாதம் சுகமாகப் போயிற்று. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் ரெண்டு ஸ்பூன். உடனே தலை லேசாகச் சுற்றும். உலகத்தின் மேல் பிரியம் பொங்கும். ஞானப்பாட்டு தானாக வரும். பக்கத்து வீட்டு மிசஸ் ஆக்ராய்டு சுவருக்கு மேல் தலையை நீட்டுவாள்.

"என்ன டோர்கஸ், பல்வலியோடயா உன் வீட்டுக்காரர் பாடுறார்?"

"ஆமாக்கா. வலி ஏற ஏறச் சுதியும் ஏறும்."

இப்படி இருக்கையில்தான் ஜூலை மாதச் சந்தைக்கு அந்தப் பாவி வந்து சேர்ந்தான். புரொபசர் அல்போன்சோ. தங்கமுலாம் பூசிய வண்டி, நாலு வெள்ளைக் குதிரை, வண்டிக்கு மேலே ஒரு நாற்காலி, நாற்காலியைச் சுற்றி ஆறு பேர் பாண்டு. 'வலியே இல்லாமல் பல் பிடுங்கப்படும். இலவசம்!' பல்லைச் சும்மா பிடுங்குவான். கூட்டம் சேர்ந்ததும் புட்டி புட்டியாக மருந்து விற்பான். குறடு வாய்க்குள் போனதும் புரொபசர் காலால் பலகையை ஒரு தட்டுத் தட்டுவான். முரசும் எக்காளமும் இடி இடிக்கும். உட்கார்ந்திருப்பவன் அலறுவது அவன் காதுக்கே கேட்காது. அப்புறம் பல் உயரே தூக்கிக் காட்டப்படும். 'கேட்டீர்களா ஒரு முனகல்?' என்பான். ஒருவருக்கும் கேட்டிருக்காது. வருஷா வருஷம் இதுதான் நடக்கிறது என்பது ஊருக்கே தெரியும். வருஷா வருஷம் ஊரே நம்பும்.

"தொப்பியைப் போடுங்க, கிளம்பலாம்" என்றாள் டோர்கஸ்.

"எங்க?"

"பல்லைப் பிடுங்க."

"இன்னிக்கு வலி ரொம்பத் தேவலை. சொல்லப்போனா இல்லவே இல்லை."

"மூணு மாசமா நீங்க படுற பாட்டை என்னால பாக்க முடியலைங்க."

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க..."

"கொஞ்சம் போகட்டுமே."

மிசஸ் ஆக்ராய்டும் குடையோடு துணைக்கு வந்தாள். ஒரு பக்கம் பெண்டாட்டி, இன்னொரு பக்கம் குடை. கசாப்புக் கடைக்குப் போகிற ஆடுகூட என்னைவிட உற்சாகமாக நடந்திருக்கும். நாற்பது வருஷமாக வால்நட் உடைத்துச் சாப்பிட்ட பல் ஐயா அது! கல் மாதிரியான பல். உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் பல் போகும்.

வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கு யோசனை உதித்தது. எனக்கு முன்னால் போன மூன்று பேரின் பல்லையும் புரொபசர் தூக்கிக் காட்டினான். மூன்றும் ஒரே பல்! உள்ளங்கையில் தயாராக வைத்திருக்கிறான். இப்படிப்பட்ட பித்தலாட்டக்காரனிடம் பேசிப் பார்க்கலாம். பாண்டு முழங்கும்போது அவன் காதில் மட்டும் உண்மையைச் சொல்லி, பிடுங்கியதுபோல் நடிக்கச் சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? பல்லும் தங்கும், மானமும் தங்கும்.

தெம்பாக ஏறி உட்கார்ந்தேன். கீழே டோர்கஸ் முரசுக்காரனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், நான் அலறுவது கேட்கக் கூடாதென்று பலமாக அடிக்கச் சொல்கிறாள் என்று எனக்கு நெஞ்சு இளகியது.

குறடு வந்தது. கால் தட்டியது. பாண்டு இடித்தது. நான் புரொபசரின் காலரைப் பிடித்து இழுத்தேன்.

"பல்லுல ஒண்ணும் இல்லைய்யா!"

"என்னது?"

"பல்லு நல்லா இருக்கு! விட்டுடு!"

"கேக்கலை! சத்தமாச் சொல்லு!"

இருந்த மூச்சையெல்லாம் திரட்டினேன். "வலியே கிடையாது! சஞ்சீவியில இருக்கிற சாராயத்துக்காக..."

டோர்கஸ் வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்தினாள். பாண்டு சட்டென்று நின்றது. நான் நிற்கவில்லை.

"...மூணு மாசமாப் பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன்! என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதே!"

சந்தையில் ஒரு கோழிகூடக் கத்தவில்லை. சேப்பல் பாஸ்டர் தொப்பியைக் கழற்றினார், சாவு வீட்டில் கழற்றுவதுபோல. கூட்டத்திலிருந்து மிசஸ் ஆக்ராய்டின் குரல் மட்டும் வந்தது.

"சொல்ல மாட்டோம்பா."

நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. இறங்கிக்கொண்டிருக்கும்போதே டோர்கஸ் ஏறிக்கொண்டிருந்தாள். என்னை நாலு சாத்துவதற்கு என்று நினைத்துக் குனிந்துகொண்டேன். அவளோ என்னைத் தாண்டிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மேல் வரிசை, வலது பக்கம், கடைசிப் பல்லு. வாத்தியம் வேண்டாம் புரொபசர். அவங்களுக்கும் மூச்சு வாங்குதில்ல?"

இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. நாற்காலியின் கையை அவள் பிடித்த பிடியில் விரல் நுனிகள் வெளுத்தன. சத்தம் வரவில்லை. வேர் வரைக்கும் கறுத்துப்போன பல். இந்தத் தடவை புரொபசர் நிஜப் பல்லைத் தூக்கிக் காட்டினான்.

இல்லாத வலிக்கு நான் மூன்று மாதம் ஊரைக் கூட்டியிருக்கிறேன். இருந்த வலியோடு இவள் எனக்கு ஸ்பூனில் மருந்து ஊற்றியிருக்கிறாள். அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. வீடு வரைக்கும் விடவில்லை.

வீட்டுக்கு வந்து அவளை அடுப்போரம் உட்கார வைத்தேன்.

"எத்தனை நாளா இந்த வலி?"

"மார்ச் கடைசியில இருந்து." வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சிட்டீங்க. ஒரு வீட்ல ஒருத்தர்தானே கத்த முடியும்?"

"என்னோடது பொய்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"நிஜமா வலிக்கிறவங்க வால்நட் கடிக்க மாட்டாங்க. முதல் புட்டியில கொஞ்சம் பஞ்சுல நனைச்சு என் பல்லுல வெச்சேன். வாசனையிலயே தெரிஞ்சுபோச்சு. அன்னிலேர்ந்து மருந்து என் பல்லுக்குத்தான்."

"பாண்டை நிறுத்தினது?"

"முரசுக்காரருக்கு ஒரு முழு இஞ்சி கேக் கொடுத்தேன். இருபது வருஷமா உங்களைப் பாக்கிறேன். யாருக்கும் கேக்காதுன்னு தெரிஞ்சாத்தான் உங்களுக்கு உண்மை வரும்."

இனி இவளுக்கு நானே பணிவிடை செய்வதென்று முடிவு செய்தேன். கெட்டிலை ஏற்றினேன். இரண்டு கோப்பையில் டீ ஊற்றினேன். அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது.

"மருந்தெல்லாம் உன் பல்லுக்குன்னா, மூணு மாசமா நான் குடிச்சது என்ன?"

"ஆறின டீ. கொஞ்சம் வெல்லப்பாகு, இஞ்சி, மிளகு."

"டீயா! எனக்குக் கிறுகிறுன்னு வந்துச்சே! பாட்டு வந்துச்சே! மாடிப்படியில உருண்டேனே!"

"ரெண்டு தடவை உருண்டீங்க. அதை நினைச்சாத்தான் எனக்குக் கவலையா இருக்கு." என் கோப்பையை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "உங்களுக்கு அது இவ்வளவு தூரம் ஏறும்னா, ஆபத்துங்க."

இந்த யார்க்ஷயர் முழுக்கத் தேடிப் பாருங்கள், டீப் பழக்கத்தை விட்டுவிட்டு வெந்நீர் குடிக்கிற ஆண்பிள்ளை நான் ஒருவன்தான்.