குணரத்தினத்தின் பிரேக் லைற்

மூன்றாவது பியூசும் போனது.

"இஞ்சருங்கோ, நான் மெதுவாத்தான் மிதிச்சனான்," என்றாள் யோகமலர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"நீர் எப்பிடி மிதிச்சாலும் ஒண்டுதான். எங்கயோ ஷோர்ட் அடிக்குது," என்றார் அவள் கணவர் குணரத்தினம். அவருடைய தலை டாஷ்போர்டுக்குக் கீழே இருந்தது.

துறைமுகக் களஞ்சியத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்தக் காரில்தான். மகள் இப்போது கொழும்பில் உத்தியோகம். காரை விற்பதென்று முடிவெடுக்கவே குணரத்தினத்துக்கு ஒரு வருடம் பிடித்தது.

அன்று காலை கரையோர ஊரான இறக்கக்கண்டியில் இருந்து றுவைஸ் என்று ஒருவர் விலை கேட்டு அழைத்தார். குணரத்தினம் அவரைக் கதைக்க விடவில்லை. "தம்பி, எல்லாம் வேலை செய்யுது. ஒரு பிழையும் இல்லை. நாலு மணிக்கு வந்து பாருங்கோ!" என்று போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பிரேக் லைற் எரியவில்லை என்று தெரிந்தது.

"ஆரும் வேலைதெரிஞ்ச ஆளைக் கூப்பிடுவமே?" என்றாள் யோகமலர்.

"சனிக்கிழமை ஆர் வருவினம்? சொன்ன சொல்லுக்கு நான்தானே பொறுப்பு? நான் பாக்கிறன்."

மிஞ்சியிருந்த ஒரு பியூசையும் எரிக்க மனமில்லாமல், பழைய அயன்பெட்டியின் வயரை வெட்டி, அதிலிருந்து ஒரு செம்புக்கம்பியை உருவிப் பியூஸ் இருந்த இடத்தில் செருகினார்.

"இனி எப்பிடிப் போகுது பாப்பம். மிதியும்!"

பியூஸ் போகவில்லை. புகை வந்தது.

யோகமலர் வெளியே பாய்ந்து, பற்றரியைக் கழட்டும்படி கத்திக்கொண்டே குசினிக்குள் ஓடினாள். குணரத்தினம் பற்றரியைக் கழட்டி முடிக்க, அவள் கையில் கிடைத்த சட்டியோடு வந்து டாஷ்போர்டுக்குக் கீழே வீசி ஊற்றினாள். புகை அடங்கியது. சீற் முழுக்க ஊறவைத்த உளுந்து.

"உளுந்தையும் சேத்து ஊத்திப்போட்டீரே!"

"நெருப்பு வரேக்க வடிச்சுக்கொண்டோ நிக்கிறது?"

உருகி ஒட்டிய வயர்களை அவர் பிரித்தார், ஒவ்வொன்றுக்கும் கறுப்பு ஒட்டு ரேப் சுற்றினார், மிஞ்சியிருந்த அந்த ஒரேயொரு பியூசைப் போட்டார். பற்றரியை மாட்டிவிட்டுத் தானே பிரேக்கை மிதித்தார்.

ஹோன் அலறியது.

ஊருக்குள் மாடுகள்போலத் திரியும் மான்களில் இரண்டு கேற்றடியில் புல் மேய்ந்துகொண்டிருந்தன; இரண்டும் துள்ளி எதிர்வீட்டு வளவுக்குள் பாய்ந்தன.

"குணம் அண்ணை, என்ர கத்தரிக்கண்டு!" என்று எதிர்வீட்டுப் பாக்கியரத்தினத்தின் குரல் கேட்டது.

குணரத்தினம் இரண்டு வயர்களை இடம் மாற்றினார். ஹோன் நின்றது, வைப்பர் ஆடத் தொடங்கியது. வேறு இரண்டை மாற்றினார். சிக்னல் போட்டால் மட்டும் வைப்பர் நின்றது. பிரேக் லைற் மட்டும் எதற்கும் அசையவில்லை.

மணி மூன்று. பிளாஸ்டிக் கதிரையில் சோர்ந்துபோய் உட்கார்ந்தார். முகத்தில் கரி, மீசையில் உளுந்து.

"மலர், அந்தத் தம்பிக்கு போன் எடுத்து வரவேண்டாம் எண்டு சொல்லட்டோ? பொய்க்காரன் எண்டு நினைக்கப்போறார்."

அவரை அப்படி அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

"பொறுங்கோ. விடிய, நீங்கள் டிக்கியைப் பலமா அடிச்சு மூடினனீங்கள். அதுக்குப் பிறகுதானே லைற் எரியேல்லை?"

"டிக்கிக்கும் இதுக்கும் என்ன?" என்றார். ஆனாலும் எழுந்துபோய் டிக்கியைத் திறந்து பார்த்தார்.

பிணைச்சலுக்குப் பக்கத்தில், பின்லைற்றுக்குப் போகும் வயரில் இரண்டு அங்குலத்துக்கு உறை தேய்ந்து, செம்பு பளபளத்துக்கொண்டிருந்தது. டிக்கியை மூடும்போதெல்லாம் அது தகரத்தில் போய் முட்டியிருக்கிறது. மூன்று மணித்தியாலமாக அவர் காரின் மற்ற முனையில் தலையை விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்.

அந்த இடத்துக்கு ரேப் சுற்றினார். பிறகு முன்பக்கம் வந்து, ஒவ்வொரு வயரின் நிறத்தையும் யோகமலர் வாசிக்க வாசிக்க, அததை அததன் இடத்தில் மாட்டினார். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பிரேக்கை மிதித்தார்.

"எரியுது! ரெண்டும் எரியுது!" பின்னால் நின்ற யோகமலர் சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினாள். கத்தரிக்கன்றுக்கு நியாயம் கேட்க வந்த பாக்கியரத்தினமும் சேர்ந்து தட்டினார். குணரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் லொறி ஒன்று வந்து நின்றது. றுவைஸ் இறங்கி, சலாம் வைத்துவிட்டு, காரைச் சுற்றி வந்தார். பொனற்றைத் திறக்கச் சொல்லவில்லை. கதவுகளைத் தட்டிப் பார்த்தார். ஜன்னலின் அகலத்தை அளவு நாடாவால் அளந்தார்.

"அதை விடுங்கோ தம்பி, இஞ்ச பாருங்கோ!" குணரத்தினம் உள்ளே ஏறினார். பிரேக்கை மிதித்தார். ஹோனை அடித்தார். வைப்பரைப் போட்டார், இடம், வலம் என்று சிக்னலும் போட்டார். "ஒரு வயரிலயும் பிழை சொல்லேலாது!"

றுவைஸ் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"அண்ணன், வயரெல்லாத்தையும் புடுங்கிப்போட்டுத்தான் தரவேணும், எங்கட மீன்பிடிச் சங்கம் இதக் கடலுக்க தாழ்க்கப்போகுது, மீன் குடியிருக்க!"