சுண்டு பூசிய பன்னிரண்டு நத்தைகள்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அண்ணிக்கு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மணி ஒன்றரை. நீங்களும் அண்ணாவும் சுகமாக இருப்பீர்கள், அண்ணாவின் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் இவரும் சுண்டுவும் சுகம். நத்தைகளும் சுகம். ஆனால் எது எந்த நத்தை என்றுதான் தெரியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். சுண்டு பிறந்தபோது பாதியில் விட்ட ஆராய்ச்சியை மூன்றரை வருடம் கழித்துத் தொடரப் பேராசிரியர் சம்மதித்தது உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு சோதனை, திங்கட்கிழமை முடிவோடு வா, அப்புறம் உன் இடத்தைப் பற்றிப் பேசலாம் என்றார். நீங்கள் எனக்குப் பழக்கிய அதே சோதனைதான். காற்று குறைந்த தண்ணீரில் குளத்து நத்தை மூச்சுவிட மேலே வரும்போதெல்லாம் அதன் மூச்சுத்துளையைக் குச்சியால் மெல்லத் தட்டினால், இரண்டு நாளில் கற்றுக்கொண்டு அடியிலேயே கிடக்குமே, அது. அந்த ஞாபகம் எத்தனை நாள் தங்குகிறது என்று நான் பார்க்க வேண்டும். பயிற்சி கொடுத்த ஆறுக்கு ஓட்டில் சிவப்புப் புள்ளி, கொடுக்காத ஆறுக்கு நீலப் புள்ளி, நம் பழைய வழக்கப்படி நகப்பூச்சில். நடுவில் லேபில் குழாய் வெடித்துத் தரையெல்லாம் தண்ணீர் நின்றதால் பன்னிரண்டையும் டப்பாவில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். இன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வீடு பத்து நிமிடம் அமைதியாக இருந்தது. குழந்தை உள்ள வீடு அமைதியானால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரியாதா, தெரியும், ஆனால் அந்த அமைதி அவ்வளவு நன்றாக இருந்தது அண்ணி. போய்ப் பார்த்தால் குளியலறையில், நான் முகம் துடைக்கும் துண்டின் மேல், பன்னிரண்டும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. பன்னிரண்டு ஓட்டிலும் ரோஸ் கலர்.

"எல்லாருக்கும் ஒரே கலர்மா. இல்லேன்னா சண்டை வரும்" என்றாள் சுண்டு.

"பழைய புள்ளி எங்கடி?"

"சுரண்டிட்டேன். பழசைச் சுரண்டிட்டுதான் புதுசு போடணும்னு நீதானே சொன்னே."

சொன்னேன். அவள் விரல் நகத்தைப் பற்றிச் சொன்னேன். உடனே எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது.

"எதையாவது வாயில வச்சியா?"

"ஒண்ணே ஒண்ணுதான். நக்கிப் பார்த்தேன்."

"எதை?"

"ரோஸ் கலர்."

இந்த நத்தைகள் பல தலைமுறையாக லேபிலேயே பிறந்தவை, நோய்ப்புழு எதுவும் இருக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவள் வாயை ஏழு தடவை கொப்பளிக்க வைத்து, டாக்டருக்கு இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டாவது தடவை அவர், "குழந்தை நல்லா இருக்கும்மா. நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க" என்று வைத்துவிட்டார்.

இவரிடம் சொன்னேன். "நத்தைக்கு ஞாபகம் இருந்தா நமக்கென்ன, மறந்தா நமக்கென்ன? ஏதாவது ஆறை எடுத்து இதுதான் சிவப்புன்னு சொல்லு. அது வந்து சாட்சி சொல்லப் போகுதா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நத்தையின் நரம்பணுக்கள் கொஞ்சம், அதிலும் பெரியவை, ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம், அது ஒன்றைக் கற்கும்போது அந்த நரம்பணுக்களுக்குள் நடப்பதில் பாதி நம் தலைக்குள்ளும் நடக்கிறது, பெற்ற பிள்ளையின் முகமே மறந்துபோகிறவர்களுக்கு என்ன ஆகிறது என்று புரிந்துகொள்ள இந்த வழியாகவும்தான் போகிறார்கள் என்றேன். கடல் நத்தை ஒன்றின் விஷத்திலிருந்து வலி மருந்து வந்ததைச் சொன்னேன். நத்தை இனத்தின் கோழையைப் பார்த்து ஈரக் காயத்தை ஒட்டும் பசை செய்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். பசை வருவதற்குள் தூங்கிவிட்டார்.

நீங்களாக இருந்தால் தூங்கியிருக்க மாட்டீர்கள். நாம் சேர்ந்து வேலை செய்த அந்த அடித்தள அறையும், காற்றுப் பம்பின் கொரகொரப்பும், ஒரு கால் குட்டையான ஸ்டூலும் இன்று முழுக்கக் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன. நத்தைக்கு வாங்கிய கீரையில் பாதியை நீங்கள் தின்றுவிட்டு "அதுங்களுக்கு இன்னிக்கு விரதம்" என்பீர்கள். குச்சியால் தட்டும் ஒவ்வொரு தடவையும் நத்தையிடம் "சாரி டா" சொல்வீர்கள். என்னைக் கூட்டிப்போக வந்த அண்ணா, கீரையும் கையுமாக நத்தையிடம் மன்னிப்பு கேட்கும் பெண்ணை அப்படித்தானே முதலில் பார்த்தார்? ஒருநாள் பயிற்சி பெற்றவற்றின் கிண்ணத்தையும் பெறாதவற்றின் கிண்ணத்தையும் தவறுதலாக மாற்றி வைத்துவிட்டு, ஈரக் கையோடு நேரே பேராசிரியர் அறைக்குப் போய்ச் சொன்னீர்கள். நான்கு மாத வேலை போயிற்று. திரும்பி வந்து, "பசிக்குது, வா சாப்பிடலாம்" என்றீர்கள். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

பயிற்சி பெற்றவை எவை என்று அறிய ஒரே வழி, எவை மேலே வராமல் இருக்கின்றன என்று பார்ப்பது. அப்படிப் பிரித்துவிட்டு, பயிற்சி பெற்றவை மேலே வரவில்லை என்று முடிவு எழுதினால் அது ஆராய்ச்சியா, கண்கட்டு வித்தையா? இவர் சொன்னபடி பொய் சொல்லவும் மனம் வரவில்லை. ஆகவே யோசித்து முடிவு செய்துவிட்டேன். காலையில் பேராசிரியருக்கு, குடும்பச் சூழ்நிலையால் விலகுகிறேன் என்று இரண்டு வரி எழுதிப் போட்டுவிடுவேன். இதோடு நத்தைக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நீங்களும் வற்புறுத்தக் கூடாது.

அண்ணாவுக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசி சுண்டுவுக்கு என்றும் வேண்டும், முக்கியமாக அவள் கைகளுக்கு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு நாத்தனார்

பின்குறிப்பு: இதை எழுத உட்கார்வதற்கு முன்பே, காற்று போகக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் பன்னிரண்டையும் விட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சும்மாதான். மேலே வந்ததையெல்லாம் எடுத்து வேறு கிண்ணத்தில் விட்டேன்; காகிதத்தில் அங்கங்கே ஈரம் அதனால்தான். ஏழு வந்தன. ஐந்து கீழேயே இருக்கின்றன, அசையவே இல்லை. ஆறாவதுக்கு மறந்துவிட்டது போல. டப்பாச் சுவரில் முட்டை ஒட்டியிருக்கிறது, பிள்ளை பெற்றது அதுவாகத்தான் இருக்கும். இது எதற்கும் ஆதாரம் ஆகாது என்று தெரியும். ஆனாலும் அந்த ஐந்தையும் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் தனியாகச் சிரித்தேன் அண்ணி. விலகவில்லை. திங்கட்கிழமை நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு, புதிதாகப் பன்னிரண்டு கேட்கப்போகிறேன். தருவாரா, கதவைக் காட்டுவாரா தெரியாது. எண் எழுதிய சீட்டை ஓட்டில் ஒட்ட, தண்ணீரில் கரையாத பசை ஒன்று வைத்திருந்தீர்களே, அதன் பெயர் வேண்டும். குழந்தை சுரண்டினால் வருமா என்றும் எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.